கருவியில் பழுதில்லை, எண்ணில்தான் தப்பு: சிறிய விமானங்களை ஏமாற்றும் ‘ஆல்டிமீட்டர்’ செட்டிங்

விமானம் 1,000 அடி உயரத்தில் பறப்பதாகக் கருவி காட்டுகிறது. உண்மையில் இருப்பதோ 600 அடிக்கும் கீழே. கருவியில் பழுது எதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, அலாரமும் அடிக்கவில்லை. பைலட் ஒரு சின்னக் குமிழைச் சரியாகத் திருகவில்லை, அவ்வளவுதான்.

செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களைச் சொந்தமாக ஓட்டும் தனியார் பைலட்கள் செய்யக்கூடிய தவறுகளில் இது முக்கியமானது. ஏன் நடக்கிறது? எவ்வளவு ஆபத்து? பார்ப்போம்.

ஆல்டிமீட்டர் எப்படி வேலை செய்கிறது?

உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். தரைக்கு அருகில், சுமார் 28 அடிக்கு 1 ஹெக்டோபாஸ்கல் என்று கணக்கு. இதை வைத்துத்தான் கருவி உயரத்தைச் சொல்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது? காற்றழுத்தம் உயரத்தால் மட்டும் மாறாது, வானிலையாலும் மாறும். ‘வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று மழைக்காலத்தில் கேட்கிறோமே, அதேதான். பாரோமீட்டரை மட்டும் நம்பும் ஸ்மார்ட்வாட்ச், மேஜையில் அசையாமல் இருந்தாலும் அன்றைக்கு உயரத்தைக் கூட்டிக் காட்டும்.

அதனால்தான் ஆல்டிமீட்டரில் ஒரு சின்ன ஜன்னலும் குமிழும் இருக்கின்றன. அந்தப் பகுதியில், கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்த எண்ணை பைலட் அதில் வைக்க வேண்டும். இந்த எண்ணுக்குப் பெயர் ‘க்யூஎன்ஹெச்’. தவறான எண்ணை வைத்தாலும் கருவி மறுத்துப் பேசாது. அந்த எண்ணுக்கு ஏற்ற உயரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

தப்பு எப்படியெல்லாம் நடக்கும்?

*மாற்ற மறப்பது:* கிளம்பிய இடத்தில் 1020, போய்ச் சேரும் இடத்தில் 1005 என்று வைத்துக்கொள்வோம். வழியில் எண்ணை மாற்றாவிட்டால் 15 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். அதாவது விமானம், கருவி காட்டுவதைவிடச் சுமார் 420 அடி கீழே பறக்கும்.

*ஒரு இலக்கம் பிசகுவது:* அமெரிக்காவில் காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். 29.10 என்பதை 30.10 என்று வைத்தால் ஒரு அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் உயரத்தில் அது சுமார் 1,000 அடி!

*அலகு குழப்பம்:* இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஹெக்டோபாஸ்கல்தான். கட்டுப்பாட்டு அறை ‘992’ என்று சொல்வதை, அங்குலத்துக்குப் பழகிய பைலட் ‘29.92’ என்று எடுத்துக்கொண்டால் சுமார் 600 அடி காலி.

இந்த மூன்றிலுமே விமானம் நிஜத்தில் தாழ்வாகப் பறக்கும். பகலில், தெளிவான வானத்தில் கண்ணால் பார்த்துச் சமாளித்துவிடலாம். இரவிலோ மேகத்துக்குள்ளோ மலையோ கோபுரமோ குறுக்கே வந்தால் தெரியாது.

பெரிய விமானத்துக்கே இந்த நிலை

2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் ஒரு ஏர்பஸ் ஏ320 தரையிறங்க வந்தது. 1001 என்று சொல்வதற்குப் பதிலாக 1011 என்று கட்டுப்பாட்டு அறை சொல்லிவிட்டது. விமானிகளும் அதையே செட் செய்தார்கள். 10 ஹெக்டோபாஸ்கல், அதாவது 280 அடி. விளைவு? ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே விமானம் தரையிலிருந்து வெறும் 6 அடி வரை இறங்கிவிட்டது. ஓடுபாதை கண்ணில் படாததால் விமானிகள் மீண்டும் மேலே ஏறினார்கள். பிறகு விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

அதில் இரண்டு விமானிகள் இருந்தார்கள். சிறிய விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். ஓட்டுவது, ரேடியோவில் பேசுவது, வரைபடம் பார்ப்பது எல்லாமே அவர் வேலை. ‘என்ன செட் பண்ணீங்க?’ என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. தரைக்கும் விமானத்துக்கும் உள்ள தூரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரும் பல சிறிய விமானங்களில் இருக்காது.

ஜிபிஎஸ் இருக்கே, போதாதா?

சரிபார்க்க உதவும், ஆல்டிமீட்டருக்கு மாற்றாகாது. வானத்தில் விமானங்களை மேலும் கீழுமாகப் பிரித்து வைப்பது காற்றழுத்தக் கணக்கில்தான். ஒரு பகுதியில் எல்லோரும் ஒரே எண்ணை வைத்தால், கருவி சற்றுப் பிசகினாலும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிசகும், இடைவெளி குறையாது. ஒருவர் மட்டும் வேறு எண்ணோடு பறந்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். இந்த இடைவெளி சில நேரம் 500 அடிதான்.

திசைகாட்டியிலும் இதே கதை

கைரோஸ்கோப்பில் இயங்கும் திசைகாட்டி நேரம் போகப் போக மெல்ல விலகும். சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, விமானம் நேராகப் பறக்கும்போது காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். மறந்துபோய் 10 டிகிரி விலகினால், 60 நாட்டிகல் மைல் பறந்த பிறகு விமானம் பாதையிலிருந்து சுமார் 10 நாட்டிகல் மைல், அதாவது 18 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும்.

தடுப்பது எப்படி?

• கிளம்பும் முன் எண்ணை வைத்ததும், ஆல்டிமீட்டர் அந்த விமான நிலையத்தின் உயரத்தைக் காட்ட வேண்டும். 75 அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கருவியைப் பரிசோதிக்கச் சொல்கிறது அமெரிக்காவின் எஃப்ஏஏ.

• கட்டுப்பாட்டு அறை சொல்லும் எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பதிவு செய்யப்பட்ட வானிலை அறிவிப்போடும் ஒப்பிட வேண்டும். பாரிஸில் நடந்ததுபோல், தவறு மறுமுனையிலும் இருக்கலாம்.

• வழியில் புதுப்பிக்க வேண்டும். பறக்கும் பாதையில் 100 நாட்டிகல் மைலுக்குள் உள்ள நிலையத்தின் எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க விதி.

• முந்தைய எண்ணைவிடப் புது எண் ரொம்பவே மாறியிருந்தால், திருகுவதற்கு முன் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பதை எந்தக் கட்டுப்பாட்டு அறையும் தப்பாக எடுத்துக்கொள்ளாது.