நலிந்த வேலைச் சந்தையில் வல்லுநர் தேர்வு: அமெரிக்கப் பொருளாதாரச் சரிவை (2007–2009) முன்வைத்து

முன்னுரை

வேலை தேடுவோர் பெருகியிருக்கும் காலத்தில் தக்க ஆளைத் தேர்ந்தெடுப்பது எளிது என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூன் வரை நீடித்த பொருளாதாரச் சரிவு இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத் தக்கதொரு களமாகும். 2009 அக்டோபரில் அந்நாட்டின் வேலையின்மை 10 விழுக்காட்டை எட்டியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஒவ்வொரு காலிப் பணியிடத்திற்கும் வேலையற்றோர் ஆறு பேருக்கு மேல் இருந்தனர். ஆயினும் தேர்ச்சி பெற்றோர் கிடைக்கவில்லை என்னும் முறையீடு நிறுவனங்களிடமிருந்து எழுந்துகொண்டே இருந்தது. இம்முரணுக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இடம்பெயரத் தயங்குவோர்

வல்லுநரைத் தேடும் நிறுவனம் பெரும்பாலும் நாடுவது வேறோரிடத்தில் பணியில் இருப்பவரையே. சரிவுக் காலத்தில் அவர் அசைவதில்லை. 2007இல் அமெரிக்காவில் மாதந்தோறும் 25 இலட்சத்திற்கு மேற்பட்டோர் தாமாகப் பணிவிலகினர். 2009இன் பிற்பகுதியில் அவ்வெண்ணிக்கை 20 இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. புதிய நிறுவனத்தில் கடைசியாகச் சேர்ந்தவரே ஆட்குறைப்பில் முதலில் நீக்கப்படுவார் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணம். மருத்துவக் காப்பீடு பணியோடு பிணைந்திருந்தமை மற்றொன்று. வீட்டின் விலை அதன்மீதுள்ள கடனைவிடக் குறைந்துபோனதால் பலர் வேறு ஊருக்குச் செல்ல இயலவில்லை என்றும் கூறப்பட்டது. இக்காரணத்தின் வலிமை குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தகுதியை அறியும் சிக்கல்

எஞ்சியிருப்போர் வேலையிழந்தோர். இவர்களின் திறனைப் பணியமர்த்துவோர் நேரடியாக அறிய முடியாது. புறக்குறிகளைக் கொண்டே ஊகிக்க வேண்டும். ராபர்ட் கிப்பன்ஸ், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஆலை முழுவதும் மூடப்பட்டதால் வேலையிழந்தவரைவிட, நிறுவனம் தொடர்ந்து இயங்கும்போது நீக்கப்பட்டவர் மறுபணியில் கூடுதல் ஊதிய இழப்பைச் சந்தித்தனர். பின்னவரை நிறுவனமே வேண்டாம் என்று கழித்துவிட்டது எனச் சந்தை பொருள் கொள்கிறது.

வேலையின்றிக் கழிந்த காலமும் இவ்வாறே ஒரு குறியாகிறது. க்ராஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ ஆகிய மூவர் ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வு (2013), வேலையின்மைக் காலம் நீள நீள நேர்காணல் அழைப்புகள் குறைவதைக் காட்டியது. ஆனால் வேலையின்மை மிகுந்த நகரங்களில் இக்குறைவு மெலிந்தே காணப்பட்டது. இது வியப்புக்குரியதன்று. எல்லாரும் வேலையிழந்து நிற்கும் ஊரில் நீண்ட இடைவெளி ஒருவரின் குறையைச் சுட்டுவதில்லை. இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும்: வழக்கமான குறி பயனற்றுப் போகும் அவ்வேளையில்தான் குவியும் விண்ணப்பங்களும் மிகுகின்றன. சலித்தெடுக்கும் சுமை கூடுகிறது; சல்லடையோ தேய்ந்துவிடுகிறது.

உயர்த்தப்படும் வரம்பு

இந்நிலையில் நிறுவனங்கள் கைக்கொண்ட எளிய வழி, கல்வித் தகுதியையும் முன்னனுபவத்தையும் உயர்த்திக் கேட்பது. முன்பு பட்டம் கேட்காத பணிகளுக்கும் பட்டம் கேட்கப்பட்டது. கணினி மென்பொருள் விண்ணப்பங்களை வடிகட்டியதால், ஒரு சொல் விடுபட்ட தகுதியாளரும் வெளியே நின்றனர். 2010இல் மின்னியாபொலிஸ் மைய வங்கித் தலைவர் நாராயண கோச்சர்லகோட்டா, வேலையின்மையின் பெரும்பகுதிக்குத் திறன் பொருந்தாமையே காரணம் என வாதிட்டார். பின்னர் அவரே அக்கருத்தினின்று விலகினார். பீட்டர் கப்பெல்லி 2012இல் வெளியிட்ட நூலில், குறை பணியாளரிடம் இல்லை, நிறுவனங்களின் தேர்வு முறையிலும் ஊதியத்திலும் பயிற்சி தர மறுப்பதிலுமே உள்ளது என்றார்.

இவ்விரண்டனுள் கப்பெல்லியின் கருத்தே வலுவுடையதாகத் தோன்றுகிறது. உண்மையான பற்றாக்குறை இருந்திருப்பின் ஊதியம் விரைந்து ஏறியிருக்கும், அவ்வாறு ஏறவில்லை. மேலும், 2010க்குப் பின் வேலைச் சந்தை தேறத் தொடங்கியபோது, விளம்பரங்களில் கேட்கப்பட்ட கல்வி, அனுபவ வரம்புகள் மீண்டும் தாழ்ந்தன. தொழிலாளரின் திறன் அச்சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடவில்லை.