நாய்க்கும் உண்டு ரத்தப் பரிசோதனை!

"எங்கே வேலை பார்க்கிறீங்க?" என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "ஒரு லாபில்" என்பேன். அதோடு விட்டால் தேவலை. "எந்த ஆஸ்பத்திரி?" என்று அடுத்த கேள்வி வரும். "மனுஷங்களுக்கு இல்லீங்க, நாய் பூனைகளுக்கு" என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, பார்க்க வேண்டும்!

வீட்டில் மட்டும் என்னவாம்? "பி.எஸ்ஸி. படிச்சுட்டு நாய் மூத்திரம் பார்க்கிற வேலையா?" என்றார் என் மாமியார். வாஸ்தவம்தான். செல்லப் பிராணிகளுக்கென்றே ஒரு விஞ்ஞானக் கம்பெனி இருக்கும் என்று, சேருவதற்கு முன்னால் நானே நினைத்ததில்லை.

சென்னையிலும் வெளியூர்களிலும் உள்ள கால்நடை டாக்டர்கள் ரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். பரிசோதித்து முடிவைச் சொல்வது எங்கள் வேலை. டியூபில் பிராணியின் பெயரோடு வீட்டுக்காரர் பெயரும் இருக்கும். 'புஜ்ஜி சுப்பிரமணியம்', 'டைகர் ராஜேஸ்வரி' என்று படிக்கும்போது காலை வேளையில் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம். அப்புறம் சிரிக்க நேரம் இருக்காது.

ரத்த அணுக்களை எண்ண மெஷின் இருக்கிறது. ஆனால் பூனை ரத்தம் என்றால் அதை முழுசாக நம்பமாட்டோம். பூனையின் சிவப்பணு மனிதருடையதைவிடச் சின்னது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களோ அதில் பெரிசு பெரிசாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். மெஷினுக்கு எது எது என்று குழம்பிவிடும். ஆகவே கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சலையும் அப்படித்தான் தேடுகிறோம். சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் ஜோடியாகக் கிருமிகள் தெரிந்தால் அது ஒரு வகை. வெள்ளணுவுக்குள் முசுக்கொட்டைப் பழம் மாதிரி ஒரு கொத்து தெரிந்தால் வேறு வகை. உண்ணியை நாயின் உடம்பில் மட்டும் தேடிப் பிரயோசனமில்லை. சுவர் வெடிப்பு, கட்டில் இடுக்கு என்று நுழைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீட்டில் நாய் இருந்தால் அந்த இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சமையலறை செய்கிற விஷமமும் எங்களுக்குத் தெரிந்துவிடும். மிச்சமான வெங்காய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்காத வீடு உண்டா? வெங்காயம், பச்சையோ வெந்ததோ, நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும். அணுவின் ஓரத்தில் சின்னப் பொத்தான் வைத்தாற்போல் தெரியும். சாக்லேட்டும் திராட்சையும்கூட ஆகாது.

ஆனால் என்னை உலுக்கிவிட்டது மீனு என்கிற பூனையின் ரத்தம். டியூபைக் கையில் எடுத்தேன். சிவப்பாக இல்லை, டிகாக்ஷன் மாதிரி இருந்தது! டாக்டரின் சீட்டில் ஒரே வரி: 'காய்ச்சலுக்கு வீட்டில் பாரசிட்டமால் சிரப் கொடுக்கப்பட்டது.' குழந்தைக்குக் கொடுக்கிற அதே சிரப். அந்த வீட்டு அம்மா பிரியமாகத்தான் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் நிறம் மாறி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போயாக வேண்டும். மனிதர்களுக்கான வேறு வலி மாத்திரைகளையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வேலையில் ஒரு சங்கடம். முடிவை அனுப்பிவிடுவோம்; அந்த ஜீவன் பிழைத்ததா, இல்லையா என்று பெரும்பாலும் தெரியாது. மறுநாள் அதே பெயரில் டியூப் வந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மீனுவின் பெயரில் மறுநாள் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. நிறம் கொஞ்சம் சிவந்திருந்தது. அப்புறம் வரவில்லை. டாக்டரிடம் போன் பண்ணிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, 'மீனு - மலம் - புழுப் பரிசோதனை' என்று ஒரு டப்பா வந்தது. அதைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டவள் சென்னையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

புழுப் பரிசோதனை ரொம்ப சுலபம். அடர்த்தியான உப்புக் கரைசலில் கலந்து வைத்தால், நெல்லில் பதர் மிதக்கிற மாதிரி புழு முட்டைகள் மேலே வரும். நாய்க்குட்டியின் குடல்புழு மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் வரக்கூடியது. குட்டிக்குப் பூச்சி மருந்தும், குழந்தைக்குக் கை கழுவும் பழக்கமும் அவசியம்.

கை கழுவுவது என்றதும் ஞாபகம் வருகிறது. லாபில் வெள்ளைக் கோட்டு, கையுறை, தனிச் செருப்பு. வேலை மேஜையருகே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் என் பெண்ணைத் தூக்குவேன். சேர்ந்த புதிதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முன்கூட்டியே போட்டுக்கொண்டேன்.

அந்த விஷயமாகத்தான் அடிக்கடி போன் வரும். போன மாதம் ஒரு இளம் தாய் பேசினாள். தெருவிலிருந்து எடுத்து வந்த இரண்டு மாதக் குட்டி, மூன்று வயது மகனின் கையில் பல் பதித்துவிட்டதாம்.

"குட்டி ரத்தத்தை டெஸ்ட் பண்ணி வெறி இருக்கான்னு சொல்லுங்கக்கா. இருந்தா ஊசி போட்டுக்கறோம்."

"அப்படிச் சொல்ல ரத்த டெஸ்டே இல்லம்மா. செத்த நாயோட மூளையிலதான் உறுதியாத் தெரியும். இப்ப காயத்துல என்ன போட்டிருக்கே?"

"மஞ்சள்..."

"அதைக் கழுவு. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம். கட்டுப் போடாதே. உடனே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஊசி அங்கே இலவசம்தான்."

"சின்னக் குட்டிதானேக்கா, அதுக்கெல்லாம் வெறி இருக்குமா?"

இருக்கலாம். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதே மூன்று மாதத்தில்தான். அதற்கு முன் கடித்தால் 'வீட்டுக் குட்டிதானே' என்று இருந்துவிட முடியாது. நாயைப் பத்து நாள் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் ஊசியைப் போட்டுவிட்டு அல்லவா கவனிக்க வேண்டும்? காயம் ஆழமாக இருந்தால், அதைச் சுற்றியே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு. மனிதரிடம் நோயின் அறிகுறி தெரிந்துவிட்டாலோ, பிறகு காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னபோது அந்தப் பக்கம் பேச்சே இல்லை. குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. "முதல் ஊசி போட்டாச்சுக்கா. ரொம்ப அழுதான். அடுத்தது வியாழக்கிழமை."