கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில்

வைத்தியசாலையில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குக் கிருமி போய்ச் சேரும் முக்கிய வழி எது? வாட்டுக்குள் சுற்றும் காற்றா, கட்டில், கதிரை, மேசை போன்றவையா, எல்லாருக்கும் பொதுவாகப் பாவிக்கும் ஸ்டெதஸ்கோப்பா, இல்லை ஊழியரின் சுத்தமில்லாத கையா? உலக சுகாதார நிறுவனம் 2009இல் திருத்தி வெளியிட்ட வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. விடை, கை. இது சுலபம். அடுத்த கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். நோயாளிக்குத் தொற்றை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? தண்ணீர்க் குழாய், காற்று, தளபாடம் என்று மூன்று விடைகள் ஆசை காட்டும். சரியான விடை நான்காவது: அந்த நோயாளியின் உடம்பிலேயே ஏற்கெனவே இருக்கும் கிருமி.

இது விளங்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. தோலில் சும்மா கிடக்கும் கிருமி தோலில் இருக்கும்வரை ஆபத்தில்லை. போர்வையைச் சரிசெய்த அதே விரல் சேலைன் குழாயின் மூடியைத் திறக்கும்போது, அது இரத்தத்துக்குள் போக வழி கிடைக்கிறது. அப்படியானால் வாட்டுக்குள் நுழையும்போது ஒரு தரமும் வெளியேறும்போது ஒரு தரமும் கழுவினால் போதாது. ஒரே நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போதே இடையில் கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கம்பளைக்காரருக்கு இது தூரத்து விசயமல்ல. புசல்லாவைத் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு வரும் ஒருவர் முதலில் கம்பளை ஆதார வைத்தியசாலையில் படுப்பார். நோய் கடுமையானால் அம்புலன்ஸ் பேராதனைக்கோ கண்டிக்கோ போகும். நோயாளி போகும் வழியில் கிருமியும் போகும், திரும்பியும் வரும். அந்தப் பெரிய வைத்தியசாலைகளில் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களில் பலர் மாணவர்கள். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தின் மாணவர்கள் ஒரு பக்கம், தாதியத் துறை மாணவர்கள் இன்னொரு பக்கம். நம்மைத் தொடும் கைகளில் கணிசமானவை இன்னும் படித்து முடிக்காத கைகள்.

அந்தக் கைகளுக்கு என்ன தெரியும்? அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் மருத்துவ, தாதிய மாணவர்களிடையே நடந்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. பெரும்பாலானோரின் அறிவு நடுத்தரம். இந்தியாவின் ராய்ச்சூரில் 144 மாணவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், நல்ல அறிவு என்று சொல்லத்தக்க புள்ளிகளை எடுத்தவர்கள் 13 பேர் மட்டுமே. அங்கே தாதிய மாணவர்கள் அறிவு, மனப்போக்கு, நடைமுறை மூன்றிலும் மருத்துவ மாணவர்களை முந்தியிருந்தார்கள். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்து மருத்துவ பீடம் போனவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

ஆனால் இதில் அறிவுக் கூர்மைக்கு வேலையில்லை என்பது என் எண்ணம். பயிற்சியின் வடிவம்தான் காரணம். தாதிய மாணவி ஊசி போடவும் கட்டுப் போடவும் பழகும்போது கையைச் சுத்தம் செய்வது அந்த வேலையின் முதல் படியாகவே மனதில் பதிகிறது. தவறினால் அங்கேயே சிஸ்டரிடம் ஏச்சு. மருத்துவ மாணவருக்கு அது நுண்ணுயிரியல் பாடத்தில் ஒரு விரிவுரை. வாட்டுக்கு வந்தபின் நோயை இனங்காண்பதில்தான் முழுக் கவனமும். நிபுணர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும் மண்டைக்குள் ஹேண்ட் ரப் போத்தல் வராது.

மாணவர்களில் இரண்டு கூட்டத்தை இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது புதிதல்ல. கையைச் சுத்தம் செய்வது பற்றிய வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. 1840 முதல் ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சி மாணவிகள். 1846இல் முதலாவதில் தாய்மாரின் இறப்பு 100க்கு 11ஐத் தாண்டியது. இரண்டாவதில் 3ஐக்கூடத் தொடவில்லை. முதல் விடுதியில் போட வேண்டாம் என்று கர்ப்பிணிகள் அழுது மன்றாடினார்கள். அந்த விடுதியில் உதவி வைத்தியராக இருந்தவர் இக்னாஸ் செமல்வைஸ். பிரேத பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு செமல்வைஸின் நண்பர் பேராசிரியர் கொலெட்ச்கா 1847இல் இறந்தார். நண்பரின் உடலில் கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. மருத்துவ மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகள் பிரேதத்தைத் தொடுவதில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் குளோரின் கரைசலில் கை கழுவுவதை செமல்வைஸ் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூலையில் 1.2 சதவீதமாக இறங்கியது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். அதே ஆண்டு ஒக்டோபரில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணை வாட்டின் முதல் கட்டிலில் கிடத்தினார்கள். காலைச் சுற்று அவரிடமிருந்து தொடங்கும். பார்த்து முடித்து வெறும் சவர்க்காரத்தில் கழுவிவிட்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். அந்த வரிசையில் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிரேதம்தான் விசம் என்று நினைத்திருந்த செமல்வைஸுக்கு அப்போதுதான் தெரிந்தது, உயிரோடிருப்பவரிடமிருந்தும் வரும் என்று. அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கழுவ வேண்டும் என்று விதி மாறியது. இன்று மாணவர்கள் படிக்கும் பாடத்தின் உயிர் அந்தக் கட்டில் வரிசையில் இருக்கிறது.

இன்றைய பாடத்தை ‘ஐந்து தருணங்கள்’ என்கிறார்கள். நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்யவேண்டிய ஒரு செயலுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். முதல் இரண்டும் நோயாளியைக் காப்பவை. மற்ற மூன்றும் ஊழியரையும் வாட்டையும் காப்பவை. இரத்தம் பட்ட கையை யாரும் சொல்லாமலே கழுவுவோம், அருவருப்பு அதைச் செய்விக்கும். சுத்தமாகத் தெரியும் கையைத் தொடுமுன் சுத்தம் செய்யத்தான் பாடம் தேவைப்படுகிறது. கடைசித் தருணமும் நழுவக்கூடியது: ஆளைத் தொடாமல் சேலைன் வேகத்தை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தால், கை சுத்தம் என்றே தோன்றும்.

எதனால் சுத்தம் செய்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அழுக்குக் கண்ணுக்குத் தெரியாதபோது மதுசாரம் கலந்த ஹேண்ட் ரப்தான் முதல் தெரிவு. 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி வேண்டும். ரப் தோலை உலர்த்திவிடும் என்று நம்பாதவர் குறைவு. உண்மையில் அடிக்கடி சவர்க்காரம் போடுவதுதான் அதிகம் உலர்த்தும், ஏனென்றால் ரப்பில் கிளிசரோல் சேர்க்கிறார்கள். மதுசாரம் சுத்தமாக இருந்தால் இன்னும் நன்றாகக் கொல்லும் என்பதும் பிழை. கிருமியின் புரதத்தைச் சிதைக்க அதற்குக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எதனோல் 80 சதவீதம். அதில் துளியளவு ஐதரசன் பெரொட்சைட்டும் உண்டு. அது கைக்காகவல்ல, கரைசலுக்குள்ளேயே கிடக்கக்கூடிய கிருமி வித்துகளைக் கொல்ல.

ரப்புக்கு அடங்காதவையும் உண்டு. கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியொயிடிஸ் டிஃபிசிலின் வித்துகளை மதுசாரம் ஒன்றும் செய்யாது, குழாய்க்குத்தான் போகவேண்டும். பெட் பான் எடுத்த பின்னும் இரத்தம் பட்ட பின்னும் அப்படியே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி கம்பளைக்குள் ஏறியபோது ஊர் முழுக்கச் சேறு. சேறு பிடித்த கையில் எவ்வளவு ரப் ஊற்றினாலும் பயனில்லை. முதலில் தண்ணீர் வேண்டும்.

கையுறை இன்னொரு பொய்யான தைரியம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம், கழற்றும்போது கை அழுக்காகலாம். அதனால் கழற்றிய பின்னும் சுத்தம் செய்யவேண்டும். 1978இல் பிரித்தானியாவில் தாதியர் கழுவும் விதத்தைச் சாயம் வைத்துப் பார்த்த டெய்லர், பெருவிரலும் விரல் நுனிகளும் விரலிடுக்கும்தான் அதிகம் விடுபடுகின்றன என்று காட்டினார். நோயாளியைத் தொடுவதும் அந்த நுனிகள்தான். மோதிரம், கைக்கடிகாரம் போட்ட இடமும் விடுபடும். நம் ஊரில் கோயில் கயிறு, பிரித் நூல், வளையல் என்று பட்டியல் இன்னும் நீளும்.

சரி, எல்லாம் தெரிந்துவிட்டால் செய்துவிடுவார்களா? ஜெனீவா பல்கலைக்கழக வைத்தியசாலையில் டிடியே பித்தே குழுவினர் கவனித்தபோது, 1994இல் செய்யவேண்டிய வேளைகளில் 48 சதவீதத்தில்தான் கை சுத்தம் செய்யப்பட்டது. வைத்தியர்கள் தாதியரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வேலை கூடக்கூட ஒழுங்கும் குறைந்தது. கட்டிலருகே ரப் போத்தலை வைத்து, சுவரொட்டி ஒட்டி, அளந்ததைத் திரும்பச் சொல்லி, 1997இல் 66 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். வைத்தியசாலைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9ஆக இறங்கியது. போத்தலைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தியது எந்த விரிவுரைக்கும் குறைந்ததல்ல.

மாணவரைப் பொறுத்தவரை அதைவிடப் பலமானது முன்னால் நிற்பவரின் கை. சிகாகோ வைத்தியசாலை ஒன்றில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், கூட இருக்கும் மேலதிகாரி கையைச் சுத்தம் செய்யாதபோது மற்றவர்களும் செய்வது வெகுவாகக் குறைந்தது. நம் வாட்டுகளில் நிபுணரின் பின்னால் வரிசையாகப் போகும் மாணவர் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. அவர் முதல் கட்டிலில் போத்தலை அழுத்தினால் பின்னால் இருப்பவர்களும் அழுத்துவார்கள்.

“டொக்டர், கை சுத்தம் பண்ணினீங்களா?” என்று நோயாளி கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா அப்படிக் கேட்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் கையைக் கவனிக்கலாம். உள்ளே போகுமுன் கையைச் சுத்தம் செய்வது, கட்டிலில் உட்காராமல் இருப்பது, கனுலாவையும் புண்ணையும் தொடாமல் இருப்பது, சாப்பாடு ஊட்டுமுன் கழுவுவது, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தால் மறுபடி கழுவுவது. இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.