ஹோமர் வீட்டு வாசலில் ஒரு டீம்: 'சிம்ப்சன்ஸ்' தொடரில் டென்வர் பிராங்கோஸ்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு ஜோக்கைப் பற்றித்தான் பேசப் போறேன். திரையில் சில நொடிகள்தான் வரும். ஆனா அது முழுசா புரியணும்னா கிட்டத்தட்ட இருபது வருஷ விளையாட்டு வரலாறு தெரிஞ்சிருக்கணும்.

'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் எட்டாவது சீசனில், 1996 நவம்பர் 3 அன்று 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்' என்ற எபிசோட் ஒளிபரப்பானது. ஹோமருக்கு வேறொரு ஊரில் நல்ல வேலை கிடைக்குது. குடும்பத்தோட அங்கே குடிபோறாங்க. பாஸ் பெயர் ஹாங்க் ஸ்கார்ப்பியோ. ஊழியர்களைத் தாங்கு தாங்குன்னு தாங்குற தங்கமான மனுஷன். அதே சமயம், ஜேம்ஸ் பாண்ட் பட வில்லன் மாதிரி உலகத்தையே மிரட்டுற வேலையும் ஒரு பக்கம் நடக்குது. ஹோமர் அதைக் கண்டுக்கவே மாட்டார்.

பேச்சுவாக்கில் ஹோமர் தன் கனவை அவரிடம் சொல்கிறார்: டல்லாஸ் கவ்பாய்ஸ் டீமுக்கு ஓனர் ஆகணும். ஆனால் புது ஊர் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுட்டு பழைய வீட்டுக்கே திரும்புறாங்க. வந்து பார்த்தா, வாசல் புல்வெளியில் ஒரு முழு ஃபுட்பால் டீம் விளையாடிட்டு இருக்கு. ஸ்கார்ப்பியோ அனுப்பிய பரிசு. ஆனா கவ்பாய்ஸ் இல்ல, டென்வர் பிராங்கோஸ். ஹோமர் முகம் தொங்கிப் போகுது. இதுவும் நல்ல விஷயம்தானே என்கிறார் மனைவி மார்ஜ். உனக்கு ஃபுட்பால் புரியாது என்று சலித்துக்கொள்கிறார் ஹோமர். அவ்வளவுதான், எபிசோட் முடிஞ்சது.

சரி, ஏன் பிராங்கோஸ்?

இங்கே ஃபுட்பால்னா ஹெல்மெட் போட்டு ஆடுற அமெரிக்க ஃபுட்பால். அதன் இறுதிப் போட்டிதான் சூப்பர் பவுல். 1996 வரைக்கும் பிராங்கோஸ் நாலு முறை அங்கே போயிருந்தாங்க. நாலிலும் தோல்வி. 1978-ல் 27-10. 1987-ல் 39-20. 1988-ல் 42-10. 1990-ல் 55-10. அந்த முதல் தோல்வி யாரிடம் தெரியுமா? கவ்பாய்ஸ்கிட்டதான். எபிசோட் வெளியானபோது அதே கவ்பாய்ஸ் நாலு வருஷத்தில் மூணு கோப்பை ஜெயிச்சு, நடப்பு சாம்பியனா இருந்தாங்க.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. எப்பவும் தோற்கும் சாதா டீமைப் போட்டிருந்தா இந்த ஜோக் இவ்வளவு எடுபட்டிருக்காது. பிராங்கோஸ் மோசமான டீம் இல்ல. ஜான் எல்வே மாதிரி பெரிய குவாட்டர்பேக் இருந்த டீம். கடைசி வாசல் வரை போய், ஊரே பார்க்க அடிவாங்கித் திரும்பும் டீம். அந்த நாலில் மூணு தோல்விகளில் எல்வே களத்தில் இருந்தார். ஹோமரின் சலிப்புக்கு அர்த்தம் அதுதான்: இவங்க ஆசை காட்டுவாங்க, கோப்பையைக் காட்ட மாட்டாங்க.

ஆனா அனிமேஷனுக்கு ஒரு சிக்கல். ஒரு எபிசோட் எழுதி, வரைந்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். விளையாட்டோ வாரா வாரம் மாறும். ஜோக் வெளிவந்த அந்த சீசனிலேயே பிராங்கோஸ் 13 ஆட்டங்களில் ஜெயிச்சு, மூணில் மட்டும் தோத்தாங்க. 1998 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸை 31-24 என்று வீழ்த்தி முதல் கோப்பை. அடுத்த வருஷமே அட்லாண்டா ஃபால்கன்ஸை 34-19 என்று வீழ்த்தி இரண்டாவது. அதாவது, அந்த ஜோக்கின் ஆயுள் பதினைஞ்சு மாதம்கூட முழுசா இல்ல.

இரண்டாவது கோப்பை ஜெயிச்ச அதே இரவு, 1999 ஜனவரி 31 அன்று, ஹோமர் சூப்பர் பவுல் பார்க்கப் போகும் எபிசோட் ஒளிபரப்பானது. எந்த ரெண்டு டீம் இறுதிக்கு வரும்னு வரையும்போது யாருக்குத் தெரியும்? அதனால் டீம் பெயர் சொல்ற இடத்தில் மட்டும் கதாபாத்திரத்தின் வாயை பீர் குவளை மறைச்சிடும். பெயரைக் கடைசி நேரத்தில் குரலில் சேர்த்துக்கலாம். பிராங்கோஸ் பெயர் இந்த முறை அப்படித்தான் உள்ளே வந்தது.

பிறகு 2014 சூப்பர் பவுலில் சியாட்டில் 43-8 என்று நொறுக்கியது. அன்னைக்கு ஒரு நாள் ஹோமர் சொன்னது மறுபடியும் சரி. 2016-ல் மூணாவது கோப்பை. 2022-ல் டீம் கைமாறியபோது விலை 465 கோடி டாலர். அமெரிக்க விளையாட்டு டீம்களில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

அப்போ அந்த 1996 ஜோக் காலாவதி ஆயிடுச்சா? எனக்கு அப்படித் தோணல. அன்னைக்குப் பார்த்தவங்க ஹோமரோட சேர்ந்து பிராங்கோஸைப் பார்த்துச் சிரிச்சாங்க. இன்னைக்குப் பார்க்கிறவங்க ஹோமரைப் பார்த்துச் சிரிக்கலாம். வாசலில் வந்து நிற்கும் பரிசை, தான் கேட்டது இல்ல என்பதாலேயே வேண்டாம்னு பார்க்கிற மனுஷன். ஒரு ஃபிரேமும் மாறல. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மட்டும் மாறிடுச்சு. ஃபுட்பால் புரியாத மார்ஜ் சொன்னதுதான் கடைசியில் நின்னுச்சு.

டீமைக் குத்திக் காட்டுவதோடு நின்ற ஜோக்கா இருந்திருந்தா அந்த முதல் கோப்பையோடயே செத்திருக்கும். இது மனுஷனையும் சேர்த்துத் தொட்டது, அதனால தப்பிச்சது. அடுத்த முறை ஒரு பழைய காமெடியில் விளையாட்டு ஜோக் வந்தா, அந்த வருஷத்து ஸ்கோரையும் ஒருமுறை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.