கோல்ஃப் மைதானத்தில் பெண்கள் போட்ட பாதை



கோல்ஃப் என்றதும், 'அது பணக்கார ஆம்பளைங்க பொழுதுபோக்காச்சே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதான் கேட்பீர்கள். அமெரிக்காவில் நடக்கும் 'யு.எஸ். விமன்ஸ் ஓபன்' என்ற பெண்கள் போட்டியின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். திறமை இருந்தும் அதற்குரிய கூலியும் மரியாதையும் கிடைக்காத பெண்கள், தாங்களே பாதை போட்டு நடந்த கதை அது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பரந்த புல்வெளியில் தள்ளித் தள்ளி 18 குழிகள் இருக்கும். பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழ வைக்க வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. நம் குடும்பச் செலவு மாதிரிதான், சிக்கனமாக முடிப்பவளே கெட்டிக்காரி!

முதல் போட்டி 1946-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் நடந்தது. நடத்தியது, 1944-ல் பெண்களே ஆரம்பித்த ஒரு சங்கம். பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உள்ளூர் ஆண்கள் மன்றம் ஒன்று தன் சூதாட்ட இயந்திரங்களில் சேர்ந்த காசைத் தந்தது. ஜெயித்த பேட்டி பெர்க்குக்கு 5,600 டாலர், அதுவும் ரொக்கமாக இல்லை, யுத்தக் கடன் பத்திரமாக!

அந்தச் சங்கம் நிலைக்கவில்லை. 1950-ல் 13 பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ. என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கினார்கள. ஊர் ஊராகக் காரோட்டிப் போவது, மைதானத்தை ஆட்டத்துக்குத் தயார் செய்வது, கணக்கு வழக்கு பார்ப்பது எல்லாம் அவர்களேதான். ஆடுவதும் அவர்களேதான். 1953-லிருந்து அமெரிக்க கோல்ஃப் சங்கமே இந்தப் போட்டியை ஏற்று நடத்துகிறது.

அந்த 13 பேரில் ஒருவர் பேப் ஜகாரியாஸ். 1932 ஒலிம்பிக்கில் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் இரண்டு தங்கம் வாங்கியவர். 1953-ல் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷமே வயிற்றில் பை கட்டிக்கொண்டு வந்து, 12 அடி வித்தியாசத்தில் இந்தப் போட்டியை ஜெயித்தார்! 1956-ல் 45 வயதில் காலமானார். நோயைக் கூட வெளியே சொல்லப் பலரும் கூசிய காலத்தில், அவர் தன் புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார் என்பதையும் மறக்கக் கூடாது.

1957-ல் நடந்ததைப் படித்தால் மனசு கனத்துப் போகும். ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜாக்கி பங், எல்லாரையும் விடக் குறைந்த அடிகளில் முடித்தார். ஆனால் சீட்டில் ஒரு குழிக்கு 6 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று எழுதியிருந்தது. கூட்டுத்தொகை சரியாகவே இருந்தது. இருந்தும் கையெழுத்துப் போட்டு விட்டாரே! போட்டியிலிருந்தே நீக்கி விட்டார்கள். பட்டமும் 1,800 டாலரும் பெட்சி ரால்ஸுக்குப் போயின. மனசு கேட்காமல் அந்த மைதானத்து உறுப்பினர்கள் வசூல் செய்து, பரிசை விட அதிகமான தொகையை ஜாக்கியிடம் கொடுத்தார்களாம். எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள், தோழிகளே!

1998-ல் தென்கொரியாவின் சே ரி பாக், 20 வயதுப் பெண். இறுதிச் சமன்முறி ஆட்டத்தில் பந்து குளக்கரையில் மாட்டிக்கொண்டது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றி விட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தார். வெயிலில் கறுத்த காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று பாதம்! எத்தனை நாள் வெயிலில் நின்றாரென்று அதுவே சொன்னது. அன்று ஜெயித்தும் விட்டார். பொருளாதார நெருக்கடியில் தவித்த அவர் நாட்டுக்கு அது பெரிய ஆறுதல். டி.வி.யில் அதைப் பார்த்துக் கோல்ஃப் ஆட வந்த சிறுமி இன்பீ பார்க், 2008-ல் 19 வயதில் இதே போட்டியை ஜெயித்தார்.

2022-ல் ஜெயித்த மின்ஜி லீக்குப் பரிசு 18 லட்சம் டாலர். 1957-ஐப் போல் சரியாக ஆயிரம் மடங்கு! ஆனால் அதே வருஷம் ஆண்கள் போட்டியில் ஜெயித்தவருக்கு 31.5 லட்சம். பாதை போட்டாச்சு, ஆனால் இன்னும் பாக்கி இருக்கிறது.

தையலோ, ஊறுகாயோ, டியூஷனோ, நம் கைத்திறமையைப் 'பொழுதுபோக்குக்குச் செய்யறா' என்று யாராவது சொன்னால், இனி சிரித்து மழுப்ப வேண்டாம். 'இது என் தொழில்' என்று சொல்லிப் பழகுவோம். நம் மகள்களின் காதில் அது விழட்டும்.

— ஒரு இல்லத்தரசி