அசோலாவின் தழைச்சத்து யாருக்கு?

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனாலும் நைட்ரஜன் என்ற தழைச்சத்து போதாமல் நெற்பயிர் வெளிறிப்போகிறது. நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால், எந்தப் பயிராலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பைத் தளர்த்தும் நைட்ரஜனேஸ் நொதி சில நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது.

வயல்நீரில் மிதக்கும் அசோலா என்ற பெரணி, அப்படியொரு நீலப்பச்சைப் பாசியைத் தன் இலைக்குள்ளேயே குடிவைத்திருக்கிறது. இலையின் மேல் மடலில் ஒரு குழி. அதற்குள் சரம்சரமாகப் பாசி. வித்துகளோடு சேர்ந்து அடுத்த தலைமுறைக்கும் அது போய்விடும். 2010இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள், ஏராளமான மரபணுக்கள் பழுதாகிக் கிடப்பதைக் கண்டார்கள். இனி அதற்கு வெளியே தனிவாழ்வு இல்லை.

நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் எமன். அதனால் சரத்தின் இடையிடையே தடித்த சுவருள்ள ஹெட்டிரோசிஸ்ட் செல்கள் உண்டாகின்றன. இவை ஆக்சிஜன் வெளியிடுவதில்லை. நைட்ரஜனை அம்மோனியாவாக்குவதே இவற்றின் வேலை. தனித்து வாழும் பாசியில் நூற்றுக்கு 5 முதல் 10 செல்கள் இப்படி மாறும். அசோலாவின் முதிர்ந்த இலையிலோ 20 முதல் 30.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது அடுத்த கட்டம். தனித்து வாழும் பாசி, தான் தயாரித்த அம்மோனியாவைக் குளுட்டமின் சிந்தெடேஸ் என்ற நொதியால் தானே உண்டுவிடும். அசோலாவுக்குள் பாசியின் அந்த நொதி மிகவும் குறைந்துவிடுகிறது. மிஞ்சும் அம்மோனியா குழிக்குள் கசிகிறது. தேங்கினால் அது நஞ்சு. குழிக்குள் நீண்டிருக்கும் பெரணியின் மயிர்ச்செல்கள் அதை உடனே பிடித்து, குளுட்டமேட்டோடு இணைத்துக் குளுட்டமின் ஆக்குகின்றன. பிறகு குளுட்டமேட் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதி, ஒரு குளுட்டமினிலிருந்து இரண்டு குளுட்டமேட்டுகளைப் பெற்றுத் தருகிறது. ஒன்று அடுத்த அம்மோனியாவைப் பிடிக்கத் திரும்புகிறது; மற்றொன்று புரதமாகும் வழியில் போகிறது. பதிலுக்குப் பாசிக்குச் சர்க்கரை கிடைக்கிறது.

எல்லாச் செடிகளிலும் இதே ஏற்பாடு இல்லை. சைக்கஸின் பவள வேர்களில் வாழும் பாசியிடமிருந்து வரும் நைட்ரஜன், பெரும்பாலும் குளுட்டமின் போன்ற அமினோ அமில வடிவில் செடிக்குள் ஏறுகிறது.

அசோலா விடும் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சையாக மிதக்கும்வரை அந்தத் தழைச்சத்தில் பெரும்பங்கு அசோலாவின் உடம்பிலேயே இருக்கும். நெல்லுக்குக் கிடைப்பது சொற்பம். படர்ந்ததும் தண்ணீரை வடித்து, களையெடுக்கும்போதே சேற்றில் மிதித்துவிடுங்கள். மட்கினால்தான் அது பயிருக்கு உரம். அசோலா சிவந்து வளராமல் நின்றால் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைவுதான்; கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் இட்டுப் பாருங்கள்.