சிலேதாரும் பார்கீரும்

மராட்டிய நாட்டில் வாழும் தமிழ் அன்பர்கள் ‘ஷிலேதார்’ என்னும் குடும்பப் பெயரைக் கேட்டிருக்கக் கூடும். அது பழைய குதிரைவீரன் ஒருவனின் பட்டம்.

மராட்டியரின் குதிரைப்படையில் வீரர் இருவகையினர். சொந்தக் குதிரையுடனும் ஆயுதத்துடனும் வந்து சேவகம் புரிந்தவன் சிலேதார். ‘சிலாஹ்’ என்பது ஆயுதத்தைக் குறிக்கும் அரபுச் சொல்; ‘தார்’ என்பது உடையவனைக் குறிக்கும் பாரசீக விகுதி. அரசாங்கக் குதிரையில் ஏறியவனோ பார்கீர். ‘பார்’ என்றால் சுமை. ‘கீர்’ என்றால் ஏற்பது. பாரசீகத்தில் அது பொதி சுமக்கும் விலங்கின் பெயர். சுமந்த விலங்கின் பெயர் அதன்மேல் அமர்ந்தவனுக்கு வந்து சேர்ந்தது வேடிக்கைதான்!

பெயரில் மட்டுமா வேறுபாடு? போரில் குதிரை மாண்டால் பார்கீருக்கு நட்டமில்லை. சிலேதாருக்கோ பிழைப்பின் முதலே போயிற்று. ஆகவே, அவன் உயிரைக் காட்டிலும் குதிரையைப் பேணியதில் வியப்பில்லை. சிவாஜி அரசாங்க லாயத்துப் படையையே பெரிதும் நம்பினார். 25 பார்கீர்களுக்கு ஒரு ஹவல்தாரை நியமித்தார்.

பிற்காலத்தில் ஆங்கிலேயரும் சிலேதார் முறையைக் கைக்கொண்டனர். 1914-18 உலகப் போரில் மாண்ட குதிரைகளுக்கு அம்முறையால் ஈடுகொடுக்க இயலவில்லை. போருக்குப் பின் அது கைவிடப்பட்டது.

இருவருக்கும் பொதுப்பெயர் ‘சவார்’. ‘குதிரை சுமந்து செல்பவன்’ என்பது அதன் பண்டைப் பாரசீகப் பொருள். அதிலுள்ள குதிரைச் சொல் வடமொழி ‘அசுவ’த்துக்கு உறவு. நம் ‘சவாரி’யும் அவ்வழி வந்ததே. தமிழில் குதிரை நழுவிவிட்டது. மாட்டுவண்டியிலும் சவாரி போகிறோம். இந்தியப் படையிலோ, டாங்கி ஏறும் வீரன் இன்றும் சவார்தான்.